சலிப்பு என்று எழுதினேன்

என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்க ஆரம்பிக்காதீர்கள். கெட்டவளும் இல்லை. அரைகுறை. அரைகுறையாகத் தெரிந்தவள் கையில் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாயிரத்து நான்காம் வருடம். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் டாக்டர் ராமசுப்புவின் மனநல கிளினிக்கில் வேலை பார்த்தேன். என் பெயர் சுஜா. படித்தது விலங்கியல். அப்பாவுக்குத் திருவொற்றியூர் தேரடியில் மொத்த மளிகை வியாபாரம். சாத்தான்குளத்திலிருந்து எனக்கு நான்கு வயதாகும்போது இங்கே வந்துவிட்டோம். ஆனால் மெட்ராஸ் பாஷை வீட்டுக்குள் நுழையக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஒருநாள் வாய் தவறி "இன்னா" என்றதற்கு அகப்பைக் காம்பால் வாங்கியிருக்கிறேன். இருபது வருடம் இந்த ஊரில் இருந்தும் இந்த ஊர்ப் பேச்சு எனக்குக் காதோடு சரி. எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அந்தப் பேச்சைப் பற்றி ஓர் இளப்பமும் இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன பிரயோசனம்?

டாக்டர் ராமசுப்பு கோவில்பட்டிக்காரர். ஐம்பது ரூபாய்தான் பீஸ். இல்லாதவர்களிடம் அதையும் வாங்கமாட்டார். காலையிலிருந்து மூச்சு விடாமல் நோயாளிகளைப் பார்ப்பார். அப்படிப்பட்டவரிடம்தான் ஒரு வெளிநாட்டு மருந்துக் கம்பெனி வந்தது. மனச்சோர்வுக்குப் புது மாத்திரை. இருபத்தாறு பேருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மாத்திரை இலவசம், பஸ் செலவும் தருவார்கள். கம்பெனியின் ஆள் டென்னிஸ் முதல் தடவை வந்தபோது பிஸ்கட் டப்பாவோடு வந்தான். ஆறு மாதத்தில் கிளினிக்குக்கு ஏசி வந்தது, பிரிட்ஜ் வந்தது, டாக்டரும் அவர் மனைவியும் பாங்காக்கில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார்கள். எனக்கு மூன்றடுக்கு ஹாட்பாக்ஸ். யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாம் நடந்ததுதான் அதன் அழகு.

ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்கு மாத்திரை டப்பாவில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். அது புது மாத்திரையா பழைய மாத்திரையா என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பதை ஆளுக்கொரு கவரில் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் பிரிக்கலாம். அந்த பீரோவின் சாவி என்னிடம். நோயாளிகளிடம் கேள்வி கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் படிவத்தில் எழுதுவதுதான் என் வேலை.

பதினேழாம் எண் ஜெயவேல். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. கூட வேலை பார்த்தவன் கண்ணெதிரிலேயே பெட்டிக்கு அடியில் நசுங்கிப்போனதைப் பார்த்ததிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டவர். அவருடைய மனைவி வரலட்சுமிதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தவர் ஒன்றரை மணி நேரம் அசையவில்லை.

சம்மதப் படிவம் ஒன்பது பக்கம். தமிழில்தான் இருந்தது, யாரும் பேசாத தமிழில். வரலட்சுமி ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இது இன்னா மேடம்? உள்ளார்ந்த அமைதியின்மை ஏற்படக்கூடும்னு போட்டுக்கீது?"

"அது எல்லா மாத்திரைக்கும் போடுறதுதாங்க. பயப்படாதீங்க" என்றேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வரலட்சுமி கையெழுத்துப் போட்டாள், ஜெயவேலும் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து வந்தார்கள். ஜெயவேல் பெஞ்சில் உட்காரவில்லை, வாசலுக்கும் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தார். நான் பேனாவைத் திறந்தேன்.

"போன தடவைக்கு அப்புறம் புதுசா ஏதாவது தொந்தரவு இருக்குதா?"

"பேஜாரா கீது மேடம்" என்றார்.

எனக்கு பேஜாரு தெரியும். காலேஜில் மாணவிகள், "செம பேஜாருப்பா இந்த கிளாஸ்" என்று கொட்டாவி விடுவார்கள். எனவே ஆங்கிலத்தில் சலிப்பு என்று எழுதினேன். டென்னிஸ் கொடுத்திருந்த பட்டியலில் சலிப்பு, சோர்வு, அழுகை எல்லாம் நோயின் குணங்கள். அவற்றை மாத்திரையின் கணக்கில் சேர்க்க வேண்டாம். மாத்திரையால் வரும் தொந்தரவுகளுக்குத் தனிப் பத்தி. அதில் ஒன்றுமில்லை என்று ஒரு கோடு போட்டேன். டாக்டர் படிவத்தைப் பார்த்தார். "இன்னும் சலிப்பு போகலியா? ஏத்திக் கொடுப்போம்" என்று அளவைக் கூட்டினார்.

அடுத்த முறையும் பேஜாருதான். நான் சலிப்புதான். டாக்டரும் ஏற்றினார்.

மூன்றாவது முறை ஜெயவேலின் செருப்பில் குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. வியாசர்பாடியிலிருந்து நடந்தே வந்திருந்தார். வரலட்சுமி தனியாக பஸ்ஸில் வந்தாள்.

"ஒரு எடத்துல உக்கார மாட்டன்றாரு மேடம். துன்றதும் நின்னுகினே. காலீல எழுந்தா எண்ணூர் ரோடு வரிக்கும் நடந்துட்டு வராரு. வந்து திரும்பியும் போறாரு. வாயத் தொறந்தா பேஜாரு பேஜாருன்றாரு."

டாக்டர் சிரித்தார். "மொதல்ல மரம் மாதிரி உக்காந்திருந்தாரேம்மா. இப்ப நடக்காருல்ல? மருந்து வேலை செய்யுது."

அன்றைக்கு டென்னிஸும் இருந்தான். குறிப்பேட்டில் "சுறுசுறுப்பு கூடியிருக்கிறது" என்று குறித்துக்கொண்டான். நான் மூன்றாவது முறையாகச் சலிப்பு என்று எழுதினேன். ஒரு மனிதன் என் முன்னால் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருக்கிறான், நான் எழுத்தில் பிழை வரக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே நாலு அறை அறைய வேண்டும்போல இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் நின்றிருந்தேன். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல மைல்கணக்கில் வரிசை கட்டி ஊர்ந்துகொண்டிருந்தன. உச்சி வெயில். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளை ஒட்டி ஒருவர் விறுவிறுவென்று வந்தார். ஜெயவேல். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எங்க போறீங்க?" என்றேன்.

"எங்கியும் இல்ல மேடம்." நிற்கவில்லை. நானும் கூடவே நடந்தேன், கிட்டத்தட்ட ஓடினேன்.

"வீட்ல இருக்க சலிப்பா இருக்குதா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "சலிப்பா? யாருக்கு? எனக்கு வூட்ல கம்முனு படுத்துக்கணும் மேடம். அதுக்குதான் ஏங்கிகினு கீறேன். இந்த ஒடம்பு வுட மாட்டுது."

"பேஜாருன்னு சொன்னீங்களே?"

"அதான மூணு தபாவா சொல்லிகினு கீறேன். காலு பேஜாரு பண்ணுது. நெஞ்சுக்குள்ள பேஜாரு பண்ணுது. உக்காந்தா உள்ள எவனோ எந்திரி எந்திரின்னு புடிச்சி உலுக்கறான். படுத்தா தோலை உரிச்சி எறிஞ்சிட்டு ஓடலாம்னு கீது. மின்ன மன்சு செத்துப் போயிருந்திச்சி, அது கூட தேவல. இது மாத்திரை துன்னதுக்கு அப்பாலதான்."

லாரி வரிசையைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவான குரலில் சொன்னார்.

"இதுல ஒண்ணுத்துக்குக் கீழ பூந்துட்டா நின்னுடும்னு தோணுது மேடம். சாவணும்னு இல்ல. எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது. இது நின்னா போதும்."

நாளைக்கே டாக்டரிடம் சொல்கிறேன், அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம் என்றேன். படிவத்தில் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

திங்கட்கிழமை கிளினிக் திறந்ததும் படிவங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். இருபத்தாறு பேர். சலிப்பு என்ற சொல் பதினொரு பேருடையதில் இருந்தது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, எண்ணூர். பதினொரு பேரும் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு சொன்னவர்கள். அத்தனையும் என் கையெழுத்து, முத்து முத்தாக.

டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அதற்குள் டென்னிஸ் வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து தணிக்கைக்கு ஆள் வருகிறாராம்.

"என்ன சுஜா, இப்பப் போயி?" என்றான், சிரித்துக்கொண்டே. "எல்லா சென்டர்லயும் உங்க சென்டர்தான் ரொம்ப க்ளீன்னு பேரு வாங்கியிருக்கோம். மூணு மாசமா சலிப்புன்னு எழுதிட்டு, இப்ப அது வேறன்னு மாத்தினா, எழுதினவளுக்குத் தமிழ் தெரியாதான்னு கேப்பான். உன் வேலைதான் போகும்."

"வேலை போனாப் போகட்டும். அவருக்கு மாத்திரையை நிறுத்தணும்."

"நிறுத்தலாம். புதன்கிழமை எப்படியும் வர்றாருல்ல? டாக்டர் பாத்து முடிவு பண்ணட்டும். ரெண்டு நாள்ல என்ன ஆயிடும்?"

டாக்டர் கண்ணைத் திறந்தார். "புதன்கிழமை பாப்போம்மா" என்றார்.

நான் சரி என்றேன். கத்தியிருக்கலாம். வரலட்சுமி வீட்டுக்கு ஓடியிருக்கலாம். கிளினிக்கிலிருந்து வியாசர்பாடி எவ்வளவு தூரம்? அந்த மனிதர் தினமும் நடக்கிற தூரம்தான். நான் போகவில்லை. வேலை போனால் போகட்டும் என்று வாய் சொன்னது, கால் அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு கிளினிக் போன் அடித்தது. வரலட்சுமி.

"மேடம், அவரு லாரில வுழுந்துட்டாரு. டிரைவரு பிரேக் போட்டதால உசுரு கீது. ஆஸ்பத்திரில சேத்துக்கீறாங்க. இன்னா மாத்திரை துன்றாருன்னு கேக்கறாங்க. இன்னா மேடம் சொல்றது?"

அரசு ஆஸ்பத்திரி எலும்பு வார்டுக்கு ஓடினேன். தொடை எலும்பு முறிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே கம்பி குத்தி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டுக்கு வெளியே எடைக்குச் செங்கல் தொங்கவிட்டிருந்தார்கள். அசையவே கூடாதாம். அசையாமல் ஒரு நிமிடம்கூட இருக்க முடியாத மனிதரை அப்படிப் படுக்கவைத்திருந்தார்கள். அவர் உடம்பு மொத்தமும் கட்டிலில் புரண்டது. ஒவ்வொரு புரளலுக்கும் உடைந்த எலும்பு உரசி அலறினார். அலறிவிட்டு மறுபடியும் புரண்டார். இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள்.

"குடியை நிறுத்தினா இப்படித்தான் ஆடுவாங்க" என்றார் வார்டில் இருந்த டாக்டர்.

"அவரு பீடி கூட புடிக்க மாட்டாரு சார்" என்று வரலட்சுமி பத்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. அவள் சொல்வதையும் யாரோ வேறு எதுவாகவோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மனநலப் பிரிவிலிருந்து டாக்டர் அஜீசா வந்தார். ஐம்பது வயதிருக்கும். கட்டிலருகே நின்று, "இன்னா பண்ணுது நைனா?" என்று கேட்டார். ஜெயவேல் சொன்னார். அதே சொல்தான். எங்க பண்ணுது, எப்டிப் பண்ணுது என்று அஜீசா கேட்டுக்கொண்டார். முதலில் கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது மாத்திரையால வர்றது. சரி பண்ணிடலாம். என்ன மாத்திரை, எவ்வளவு?"

"பதினேழாம் எண் மேடம். ஆராய்ச்சி மாத்திரை. பேர் தெரியாது."

"எண்ணுக்கு நான் எப்படிம்மா வைத்தியம் பாக்குறது? இப்பக் கொடுக்கிறது அதோட சண்டை போட்டா? திடீர்னு நிறுத்தக் கூடாததா இருந்தா? போய்க் கேட்டுட்டு வாங்க."

கல்மண்டபத்துக்கு ஆட்டோ பிடித்தேன். டாக்டர் அறையில் டென்னிஸ் உட்கார்ந்திருந்தான். மேஜையில் ஒரு படிவம். பதினேழாம் எண், சாலை விபத்து, மருந்தோடு தொடர்பில்லை. தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தான். டாக்டர் கையில் பேனா இருந்தது, கையெழுத்து இன்னும் விழவில்லை.

நான் பீரோவைத் திறந்தேன்.

"சுஜா, அதைத் தொடாதே. கவரைப் பிரிச்சா இந்த சென்டரையே மூடிருவாங்க. கம்பெனிக்குப் போன் போட்டு முறையா அனுமதி வாங்கணும், நாளைக்குள்ள வாங்கித் தாரேன்" என்றான் டென்னிஸ்.

"ரெண்டு நாள்ல என்ன ஆயிடும்னு கேட்டீங்கல்ல? போய்ப் பாருங்க என்ன ஆயிருக்குன்னு. கட்டில்ல கட்டிப் போட்டிருக்காங்க."

பதினேழாம் கவரைக் கிழித்தேன். புது மாத்திரைதான். உச்ச அளவு. டென்னிஸ் எழுந்தான். டாக்டர் கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார்.

"நான்தான் ஏத்தினேன்" என்றார், யாரிடம் என்று இல்லாமல். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "சாவியை வச்சிட்டுப் போ. நாளையிலேருந்து வரவேண்டாம்."

சாவியை மேஜையில் வைத்தேன். கவரையும் பதினொரு படிவங்களையும் பையில் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்தார். தடுக்கவில்லை. நான் போன பிறகு அந்தச் சாலை விபத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அஜீசா கவரில் இருந்ததைப் படித்தார், ஆராய்ச்சி மாத்திரையை நிறுத்தினார், மாற்று மருந்து எழுதினார். அன்று மாலை ஜெயவேல் கொஞ்சம் குறைவாகப் புரண்டார். புதன்கிழமை அரைமணி நேரம் தூங்கினார். வியாழக்கிழமை காலை நான் போனபோது, செங்கல் தொங்கிய கால் அசையாமல் கிடக்க, வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டார். அதைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கால் இரண்டு அங்குலம் குட்டையாகும், இனி கண்டெய்னர் மேல் ஏற முடியாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வரலட்சுமி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னது என்ன, நான் எழுதியது என்ன, அதைப் பார்த்து டாக்டர் என்ன செய்தார், ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தும் நான் செவ்வாய்க்கிழமை வரை என்ன செய்துகொண்டிருந்தேன், எல்லாம். அழுதேன். என் அழுகை அவளுக்கு எதற்கு? ஆனாலும் வந்தது.

வரலட்சுமி அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் தமிழ்தான மேடம்?" என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"மூணு தபா சொன்னாரு. இன்னா நைனா அப்டின்னா, எங்க பண்ணுது, எப்டிப் பண்ணுதுன்னு ஒரு தபா கேட்டிருந்தா இன்னா? வாய் வலிக்குமா? அந்த டாக்டரம்மா கேட்டாங்கல்ல?"

"தப்புதாங்க. எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வார்டுக்குள்ளிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"இந்த மாதிரி இவுரு ஒர்த்தருதானா?"

பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "இல்லங்க. இன்னும் பத்துப் பேர் இருக்காங்க. அவங்க அட்ரஸ் எல்லாம் எடுத்துட்டு வந்திருக்கேன். டாக்டரம்மாகிட்ட கேட்டு, எப்படிச் சொல்றதுன்னு..."

"பத்து பேரா?" அவள் விருட்டென்று எழுந்து நின்றாள். "அவங்கள்லாம் இப்ப எந்த ரோட்ல நடந்துகினு கீறாங்களோ. நீ இங்க இன்னாத்துக்கு உக்காந்துகினு கீற?"